நியூசிலாந்தின் முதல் குடியேற்றம்: வைராவ் கழிமுகம் கூறும் வரலாறு

நியூசிலாந்தின் தெற்குத் தீவில், வைராவ் ஆறு கடலில் கலக்குமிடத்தில் நீண்ட கூழாங்கல் திட்டு ஒன்று உள்ளது. மாவோரி மக்களின் முன்னோர் ஏறத்தாழ 700 ஆண்டுகளுக்கு முன் இங்குக் குடியேறினர். அந்நாட்டின் மிகப் பழைமையான குடியிருப்புகளுள் ஒன்றாக இது கருதப்படுகிறது.

1939-ஆம் ஆண்டு, ஜிம் எய்ல்ஸ் என்ற 13 வயதுப் பள்ளிச் சிறுவன் இங்கு மண்ணைத் தோண்டியபோது, துளையிடப்பட்ட மோவா பறவையின் முட்டையும் கழுத்தணியும் கிடைத்தன. அந்த முட்டை ஓடு தண்ணீர்க் குடுவையாகப் பயன்பட்டிருக்கக்கூடும். பின்னர் கேன்டர்பரி அருங்காட்சியகத்தின் ரோஜர் டஃப் மேற்கொண்ட அகழாய்வுகளில் கல் வாய்ச்சிகளும், 40-க்கும் மேற்பட்ட மனித அடக்கங்களும் வெளிப்பட்டன. வாய்ச்சிகளின் வடிவம் கிழக்குப் பொலினீசியத் தீவுகளில் கிடைத்தவற்றை ஒத்திருந்தது. மாவோரிகளுக்கு முன் வேறோர் இனம் அங்கு வாழ்ந்தது என்ற பழைய கருத்தை வலுவிழக்கச் செய்த சான்றுகளுள் இதுவும் ஒன்று.

குடியேறியோர் ஒதுங்கி வாழ்ந்தவர்கள் அல்லர். வடக்குத் தீவை ஒட்டிய மேயர் தீவின் எரிமலைக் கண்ணாடிக் கல் இங்குக் கிடைத்திருப்பது, நாட்டின் கரையோரத்தை அவர்கள் விரைவிலேயே அறிந்திருந்ததைக் காட்டுகிறது. சமையல் குழிகளில் மோவா எலும்புகள் ஏராளம். இப்பறவைகளில் பெரியவை 200 கிலோவுக்கும் மேல் எடை கொண்டவை, பறக்க இயலாதவை. மனிதர் வந்த ஒன்றிரண்டு நூற்றாண்டுகளுக்குள் அவ்வினம் முற்றிலும் அழிந்தது.

ஆயினும் இந்த அறிவுக்கு ஒரு விலை இருந்தது. தோண்டியெடுக்கப்பட்ட எலும்புகள் பல பத்தாண்டுகள் அருங்காட்சியகத்தில் இருந்தன. அவற்றைத் தங்கள் மூதாதையராகக் கருதும் ரங்கிடானே மக்கள் திருப்பித் தரக் கோரி வந்தனர். 2009-இல் அவை அதே திட்டில் மீண்டும் அடக்கம் செய்யப்பட்டன. அதற்கு முன், அம்மக்களின் ஒப்புதலுடன் ஒட்டாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அவற்றை ஆராய்ந்தனர். நான்கு பேரின் தாய்வழி மரபணு முழுமையாகப் படிக்கப்பட்டு, முடிவுகள் 2012-இல் வெளியாயின. எதிர்பார்த்ததைவிடப் பன்முகத்தன்மை மிகுந்த தாய்வழி மரபுகள் தென்பட்டன. ஒரே குடும்பத்தினர் மட்டும் தற்செயலாகக் கரையொதுங்கினர் என்ற ஊகத்துக்கு இது பொருந்தவில்லை.

திட்டின் ஒரு பகுதி கடந்த நூற்றாண்டில் உழவால் சிதைந்தது. எஞ்சிய பகுதியும் கடல் மட்டத்திலிருந்து அதிக உயரத்தில் இல்லை.