வடலூரின் மழைக்கால விழாக்கள்

வடலூர், கடலூர் மாவட்டம் குறிஞ்சிப்பாடி வட்டத்தில் நெய்வேலிக்கு அருகே உள்ள நகராட்சி. சென்னை–கும்பகோணம் சாலையும் கடலூர்–விருத்தாசலம் சாலையும் இங்கே குறுக்கிடுகின்றன. இராமலிங்க வள்ளலார் (1823–1874) நிறுவிய சத்திய தருமசாலையும் சத்திய ஞான சபையும் இந்த ஊரில் இருப்பதால், வடலூர் என்றதும் தைப்பூச ஜோதி தரிசனமே பலர் நினைவுக்கு வருகிறது. லட்சக்கணக்கானோர் கூடும் நாள் அது. ஆனால் புரட்டாசி, ஐப்பசி, கார்த்திகை ஆகிய மாதங்களில் வள்ளலாரின் சன்மார்க்க நெறியைப் பின்பற்றும் அன்பர்கள் போற்றும் மூன்று நிகழ்ச்சிகள் உள்ளன: அவர் மருதூரில் பிறந்த அக்டோபர் 5, 1873இல் மேட்டுக்குப்பத்தில் சன்மார்க்கக் கொடி ஏற்றிய ஐப்பசி 7, அதே ஆண்டு கார்த்திகையில் தாம் வழிபட்ட விளக்கை வெளியே வைத்து அன்பர்களிடம் ஒப்படைத்தது. கூட்டத்தை அளவுகோலாகக் கொண்டால் இவை தைப்பூசத்தின் பக்கத்தில்கூட வர முடியாது. ஆயினும் வடலூரின் நோக்கம் என்ன என்பதை அறிய வேண்டுமானால் தைப்பூசத்தைவிட இந்த மழைக்கால நாட்களையே முதலில் பார்க்க வேண்டும் என்பது இக்கட்டுரையின் கருத்து.

இலையுதிர்காலம் என்றால் அறுவடை முடிந்து களஞ்சியம் நிறைந்த காலம் என்பது குளிர்நாட்டு வழக்கு. கனடாவின் அக்டோபர் மாத நன்றி நாளும் சீனாவின் நிலா விழாவும் அந்த நிறைவிலிருந்து பிறந்தவை. வடகிழக்குப் பருவமழையை நம்பி வாழும் நிலங்களில் அந்தக் கணக்கு தலைகீழ். இலங்கையில் பெரும்போகத்துக்கு அக்டோபரை ஒட்டித்தான் விதைப்பு. அங்கே அம்மாதத்துக்குரிய மரபுச் சடங்கு, அரசர் காலத்திலிருந்து வரும் வப் மகுல் என்ற ஏர்பூட்டு விழா. கடலூர் மாவட்டமும் இதே வானத்தின் கீழ் உள்ளது. ஆண்டு மழையில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரை கொட்டித் தீர்க்கும். சம்பா நெல் வயலில் பச்சையாக நிற்கும். அறுவடைக்குத் தை வரை காத்திருக்க வேண்டும். வடலூரைச் சுற்றியுள்ள செம்மண் மேட்டில் விளையும் முந்திரியும் பலாவும் கோடைக்கு உரியவை. ஆக, ஐப்பசி என்பது பழைய நெல் தீர்ந்து புதிய நெல் வராத இடைவெளி. கூலி வேலையும் மழையில் நின்றுபோகும். காவிரிப் பாசனம் எட்டுகிற தென்பகுதியில் குறுவை நெல் இதே காலத்தில் வீடு வந்து சேரும் என்பது உண்மைதான். வாய்க்கால் நீர் ஏறாத வடலூர் மேட்டுக்கு அந்த வாய்ப்பு இருந்ததில்லை.

இந்த இடைவெளியை நினைவில் வைத்துக்கொண்டு பார்த்தால்தான் தருமசாலை விளங்கும். அது 1867ஆம் ஆண்டு மே 23 அன்று, வைகாசி 11ஆம் நாள் தொடங்கப்பட்டது. அதற்கு முந்தைய ஆண்டில்தான் ஒடிசாவையும் மதராஸ் மாகாணத்தின் வட மாவட்டங்களையும் பெரும்பஞ்சம் வாட்டியது. பத்தாண்டுக்குள் 1876–78 பஞ்சம் தென்னாட்டையே உலுக்கியது. இரண்டு பஞ்சங்களுக்கு நடுவில், வடலூர்ப் பார்வதிபுரத்து மக்கள் கொடுத்த ஏறத்தாழ 80 காணி நிலத்தில், வள்ளலார் முதலில் கட்டியது வழிபாட்டு இடம் அன்று, சமையற்கூடம். 21 அடி நீளமுள்ள அடுப்பில் அன்று மூட்டிய நெருப்பு இன்றுவரை தொடர்ந்து எரிகிறது என்பது தருமசாலையின் மரபு. ஞான சபை அதற்குப் பிறகு, 1871இல் கட்டத் தொடங்கி 1872 ஜனவரி 25 தைப்பூசத்தன்று முதல் ஜோதி தரிசனத்தைக் கண்டது. சோறு முன்னே வந்தது, ஜோதி ஐந்தாண்டு கழித்து வந்தது. இந்த வரிசையைத் தற்செயல் என்று ஒதுக்க முடியாது. தருமசாலை தொடங்கிய நாளில் வாசிக்கப்பட்டது ஜீவகாருண்ய ஒழுக்கம்; பசித்தவருக்குப் பசி தீர்ப்பதே கடவுள் வழிபாடு என்பது அந்நூலின் மையக் கருத்து.

மழைக்கால நாட்களில் முதலாவது அக்டோபர் 5. சுபானு ஆண்டு புரட்டாசி 21, ஞாயிற்றுக்கிழமை, சிதம்பரத்துக்கு வடமேற்கே உள்ள மருதூரில் இராமையா பிள்ளைக்கும் சின்னம்மையாருக்கும் மகனாக வள்ளலார் பிறந்தார். அன்பர்கள் இதைப் பிறந்தநாள் என்று சொல்வதில்லை, வருவிக்கவுற்ற நாள் என்பார்கள். மருதூர் இல்லத்திலும் வடலூரிலும் சன்மார்க்கக் கொடியேற்றம், வள்ளலார் இயற்றிய அகவலை ஓதுதல், அன்னதானம் ஆகியவையே நிகழ்ச்சிகள். தேர் கிடையாது, வாணவேடிக்கை கிடையாது. 2021இல் தமிழ்நாடு அரசு இந்நாளைத் தனிப்பெருங்கருணை நாள் என அறிவித்தது. 2022 அக்டோபரில் இருநூறாம் ஆண்டை முன்னிட்டு ஓராண்டுக்கான முப்பெரும் விழா தொடங்கியது. பிறப்பின் 200 ஆண்டு, தருமசாலையின் 156 ஆண்டு, ஜோதியின் 152 ஆண்டு என மூன்றையும் சேர்த்துக் கொண்டாடிய அந்த விழாவிலும் அன்னதானம் மைய இடம் பெற்றது.

இரண்டாவது நாள் இவற்றில் மிகவும் கனமானது. 1873 அக்டோபர் 22, ஸ்ரீமுக ஆண்டு ஐப்பசி 7, மேட்டுக்குப்பத்தில் தாம் தங்கியிருந்த சித்திவளாகத்தில் வள்ளலார் முதன்முதலாகச் சன்மார்க்கக் கொடியை ஏற்றி, பின்னர் பேருபதேசம் என்று பெயர் பெற்ற சொற்பொழிவை ஆற்றினார். கொடியின் கீழ்ப்பகுதி வெள்ளை, மேற்பகுதி மஞ்சள். புருவ மத்தியில் உள்ள ஒரு சவ்வின் நிறங்களாக இவற்றை அவரே விளக்கினார். வேத ஆகமங்களிலும் சமய மதங்களிலும் பற்று வைக்க வேண்டாம், தமக்கும் முன்பு சைவத்தின்மீது அளவற்ற பற்று இருந்தது, அதை விட்டதால்தான் உயர்நிலை கிடைத்தது என்று அவர் சொன்னதும் அப்போதுதான். ஒரு சமய இயக்கத்தைத் தொடங்கியவர் தம் பழைய பாடல்களையே தாம் விட்டுவிட்ட பற்றுக்குச் சாட்சியாகக் காட்டுவது அபூர்வம். அடுத்த மாதம், கார்த்திகையில், உள்ளிருந்த விளக்கை வெளியே கொண்டுவந்து வைத்து, தடைபடாமல் அதை வழிபடுமாறு அன்பர்களிடம் கூறினார். கார்த்திகையில் வீட்டுக்கு வீடு அகல் ஏற்றுவதும், பிள்ளைகள் பனம்பூக் கரியைத் துணியில் கட்டி மாவலி சுற்றுவதும் இவ்வட்டாரம் அடங்கிய தென்னார்க்காட்டின் பழைய வழக்கம். அந்த ஒளி மாதத்திலேயே விளக்கு கைமாறியது. 1874 ஜனவரி 30 அன்று அவர் சித்திவளாகத்து அறைக்குள் சென்று கதவை மூடிக்கொண்டார். தென்னார்க்காடு ஆட்சியராக இருந்த கார்ஸ்டின் 1878இல் வெளியிட்ட மாவட்டக் கையேட்டிலும் இச்செய்தி இடம்பெற்றுள்ளது.

மழைக்கால நாட்களுக்கு முதன்மை தருவதற்கு எதிராகச் சொல்லப்படக்கூடியவற்றில் வலுவானது ஒன்று உண்டு. தைப்பூசத்தைத் தேர்ந்தவர் வள்ளலாரே. தமக்குப் பிறந்தநாள் கொண்டாடச் சொன்னவரல்லர். அப்படியிருக்க, அவர் தேர்ந்த நாளைவிட அவர் தேராத நாளுக்கு முதன்மை தருவது முறையா? கேள்வி நியாயமானது. அக்டோபர் 5ஐப் பொறுத்தவரை இதை ஒப்புக்கொள்ளவே வேண்டும். அது அன்பர்கள் ஏற்படுத்திய நாள், அண்மையில் அரசும் சேர்ந்துகொண்ட நாள். ஆனால் ஐப்பசிக் கொடியும் கார்த்திகை விளக்கும் அவரே செய்த செயல்கள். அதுவும் கடைசிச் செயல்கள். தைப்பூச முதல் தரிசனத்துக்கு ஒன்றே முக்கால் ஆண்டு கழித்து, முன்சொன்னவற்றைத் தாண்டிச் செல்லும் சொற்களோடு வந்தவை. ஒருவரின் முதல் ஏற்பாட்டுக்கும் இறுதி ஏற்பாட்டுக்கும் வேறுபாடு தோன்றினால் இறுதியானதற்கு எடை கூட்டுவதே ஆவணங்களைப் படிப்பவர் வழக்கம். தைப்பூசத்தை இது குறைத்துவிடாது. ஏழு வண்ணத் திரைகளும் நீங்கி ஜோதி தெரிவதன் பொருள், மாயையின் மறைப்புகள் விலகி அருள் விளங்குவது. மாதப் பூசத்தில் ஆறு திரைகள் மட்டுமே நீங்கும். ஆனால் திரை விலகும் அந்தச் சில நொடிகளைக் காண முண்டியடிக்கும் கூட்டத்தில், திரையின் பொருள் எத்தனை பேரை எட்டுகிறது என்பது ஐயம்தான். பேருபதேசத்தை உட்கார்ந்து கேட்டால்தான் உண்டு. சபையின் சடங்குகளைப் பற்றிய தகராறிலும் இறுதிக்கால நெறியே கைகொடுத்தது: ஆகம வழிப் பூசைகள் சபையில் கூடாது என்று 2006இல் அறநிலையத் துறை ஆணையிட்டது, 2010இல் சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது.

இந்த நாட்கள் மழைக்காலத்தில் அமைந்தது வாழ்க்கை வரலாற்றின் தற்செயல்தானே, அதில் பருவத்தின் பொருளைத் தேடலாமா என்பது மற்றொரு மறுப்பு. பிறப்பு தற்செயல்தான். ஆனால் ஒரு நாள் எப்படிக் கொண்டாடப்படுகிறது என்பது தற்செயல் அன்று. பக்கத்து ஊர்களின் ஐப்பசியோடு ஒப்பிட்டால் இது தெளிவாகும். ஐப்பசி முழுநிலவில் சிவன் கோயில்களில் அன்னாபிஷேகம். கங்கைகொண்ட சோழபுரத்தில் மூட்டை மூட்டையாக அரிசி வடித்துப் பேரளவான இலிங்கத்தை மூடுவார்கள், பிறகு அந்தச் சோறு பக்தர்களுக்கு வழங்கப்படும். அங்கே சோறு இறைவன் மீது சாத்தப்பட்டு மனிதரிடம் வருகிறது; வடலூரில் நேராக இலைக்கு வருகிறது. இரண்டு வழக்கங்களும் ஒரே பருவத்தின் ஒரே கவலைக்கு, அதாவது சோற்றுக்கு, மதிப்பளிக்கின்றன. புலால் விலக்கும் அப்படித்தான். புரட்டாசியில் பெருமாளுக்காக இறைச்சியை விடும் குடும்பங்கள் தமிழகம் முழுவதும் உண்டு. ஐப்பசி பிறந்ததும் தீபாவளிக்குக் கறிக்கடையில் வரிசை நிற்கும். சன்மார்க்கக் கொடி நாள் பல ஆண்டுகளில் அந்த வரிசைக்குச் சில நாள் முன்போ பின்போ வருகிறது. ஒரு மாத விரதம் வேறு, வாழ்நாள் கொல்லாமை வேறு என்பதை நாட்காட்டியே சொல்லிவிடுகிறது.

பசி மாதம் என்ற பேச்சே இன்று பொருந்தாது என்போரும் உண்டு. 1956 நவம்பர் 14இல் நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் பதிவு பெற்றது, மறு ஆண்டு மே மாதம் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்தார், அறுபதுகளின் தொடக்கத்தில் நிலக்கரியும் மின்சாரமும் வந்தன. அதன்பின் இவ்வட்டாரத்தில் மழைக்காலமே வரவுக் காலமாகிவிட்டது: ஆயுத பூசைக்குப் பொரி கடலை, தீபாவளிக்கு முன் போனஸ் பேச்சுவார்த்தை, கடைத்தெருவில் துணி எடுக்கும் கூட்டம். சுரங்கத்திலிருந்து இறைக்கும் நீர் வாலாஜா ஏரி வழியாகப் பாசனத்துக்கும் போகிறது. ரேஷன் அரிசி விலையின்றிக் கிடைக்கிறது. இவை எல்லாம் சரி. ஆனால் போனஸ் சீட்டில் பெயர் இல்லாத ஒப்பந்தத் தொழிலாளரும் நிலம் கொடுத்து வேலைக்குக் காத்திருக்கும் குடும்பங்களும் இதே மண்ணில்தான் இருக்கிறார்கள். 2023 ஜூலையில் வளையமாதேவியில் விளைந்து நின்ற நெற்பயிரின் நடுவே அந்நிறுவனம் கால்வாய் வெட்டியபோது எழுந்த கொந்தளிப்பு அதன் வெளிப்பாடு. வானமும் மாறிவிடவில்லை. 2015இல் தீபாவளி நவம்பர் 10ஆம் நாள். அதற்கு முந்தைய நாள் பொழியத் தொடங்கிய மழை நெய்வேலியில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டரைத் தாண்டியது. குறிஞ்சிப்பாடி வட்டாரக் கிராமங்களில் ஓடை கரை உடைத்து வீடுகளையும் உயிர்களையும் கொண்டுபோனது. அந்த வாரம் மக்களுக்கு முதல் தேவை உணவுப் பொட்டலம். ஐப்பசி இங்கே இன்னமும் கையேந்த வைக்கக்கூடிய மாதம்தான்.

அரசு உள்ளே வந்ததால் விழாக்களின் தன்மை மாறுமோ என்ற அச்சம் தனி. ஞான சபைப் பெருவெளியில் 99 கோடியே 90 லட்சம் ரூபாயில் வள்ளலார் சர்வதேச மையம் அமைக்க 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டப்பட்டதும், பார்வதிபுரம் மக்கள் எதிர்ப்புத் தெரிவித்தனர். வழக்கு நீதிமன்றம் சென்றது. தைப்பூசக் கூட்டம் நின்று ஜோதி காண அந்தத் திறந்தவெளி வேண்டும், முன்னோர் அதற்காகவே நிலம் கொடுத்தார்கள் என்பது அவர்கள் வாதம். மையம் வேண்டும் என்போர் தங்குமிடம், நூலகம், வெளியூர் அன்பர்களின் வசதி ஆகியவற்றைக் காட்டுகிறார்கள். வசதி தேவைதான்; அதை வேறிடத்தில் கட்டலாம், பெருவெளியை வேறிடத்தில் உண்டாக்க முடியாது. மழைக்கால விழாக்களுக்கு இந்தச் சிக்கலே இல்லை என்பதையும் கவனிக்க வேண்டும். மருதூர் வீடு, மேட்டுக்குப்பத்துக் கொடிமரம், வடலூர் அடுப்பு ஆகிய மூன்றும் இருக்கும் அளவிலேயே போதுமானவை.

அறிஞர் உலகமும் இந்த மாதங்களை அதிகம் கவனிக்கவில்லை. வள்ளலார் பற்றிய எழுத்தில் பெரும்பங்கை, அவர் பாடல்கள் அருட்பாவா மருட்பாவா என்ற வழக்காடல் எடுத்துக்கொண்டது. அந்த எதிர்வாதத்தை நடத்திய ஆறுமுக நாவலரின் குருபூசையும் கார்த்திகை மகத்தில், யாழ்ப்பாணத்தில் இதே மழையின் நடுவில்தான் நடக்கிறது. எதிரெதிர் நின்ற இருவரையும் கடலின் இரு கரையிலும் ஒரே பருவம் நினைவுகூர்கிறது என்பதைச் சமய வரலாற்றாசிரியர் யாராவது விரிவாக எழுதினால் நல்லது.

தைப்பூசம் 2021 முதல் தமிழ்நாட்டில் பொது விடுமுறை நாள். ஐப்பசி 7க்கு அத்தகைய விடுமுறை கிடையாது. அன்று மேட்டுக்குப்பம் செல்ல விரும்புவோர் கடலூர்–விருத்தாசலம் ரயில் பாதையில் வடலூர் நிலையத்தில் இறங்கலாம். சித்திவளாகம் அங்கிருந்து சில கிலோமீட்டர் தொலைவில் உள்ளது.