மொட்டைமாடி வெயிலும் பெட்டிக்குள் விளக்கும்

மொட்டைமாடிக் கொடியில் இரண்டு கோடையைக் கண்ட பிளாஸ்டிக் கிளிப்பை எடுத்து அழுத்திப் பாருங்கள். பட்டென்று ஒடிந்துவிடும். நிறம் வெளுத்திருக்கும், விரலில் சுண்ணாம்புபோல மாவு ஒட்டும். வெயிலில் இருக்கும் புற ஊதாக் கதிரின் வேலை அது. கொரோனா காலத்தில் எங்கள் வீட்டுக்குப் புற ஊதா விளக்கு எரியும் ஒரு கிருமிநீக்கப் பெட்டி வந்தது. அலுவலக அடையாள அட்டையைத் தினமும் அதில் வைத்து எடுத்தோம். சில மாதங்களில் அட்டையின் உறை மஞ்சளாகிப் பழுப்பேறியது, ஆனால் வளைத்தால் உடையவில்லை. இரண்டும் புற ஊதாதான். சேதம் மட்டும் ஏன் இரண்டு விதம்?

சூரியனிடமிருந்து வரும் கதிரில் சுமார் 290 நானோமீட்டருக்குக் கீழுள்ளதை ஓசோன் படலமும் காற்றும் தடுத்துவிடுகின்றன. தரைக்கு வந்து சேரும் புற ஊதாவில் பெரும்பகுதி யு.வி.ஏ. என்னும் வகை, கொஞ்சம் யு.வி.பி. கிருமிநீக்கத்துக்குப் பயன்படும் பாதரசக் குழல்விளக்கோ 254 நானோமீட்டரில் யு.வி.சி. கதிரை உமிழ்கிறது. உயிரணுவின் டி.என்.ஏ. மிகுதியாக உறிஞ்சுவது 260-ஐ ஒட்டிய கதிரை. அதனால்தான் வெயில் மணிக்கணக்கில் செய்வதை விளக்கு நிமிடங்களில் செய்கிறது. பாலிகார்பனேட், பாலிஸ்டைரீன் போன்ற பிளாஸ்டிக்குகளில் உள்ள பென்சீன் வளையங்களும் இதே கதிரை விரும்பி உறிஞ்சுகின்றன. கிருமிக்குக் குறிவைத்தது பொருளையும் தாக்குவது இப்படித்தான்.

"வெயில் தாங்கும்" என்று விற்கும் பிளாஸ்டிக்கை நம்பி விளக்கின் கீழ் வைக்கக் கூடாது. அதில் கலந்திருக்கும் காப்பு வேதிப்பொருள்கள் 290 முதல் 400 நானோமீட்டர் வரையான கதிரை மனத்தில் வைத்துச் சேர்க்கப்பட்டவை. 254-க்கு அவை அதே காப்பைத் தரும் என்பதற்கு உறுதி இல்லை.

அடுத்தது ஆழம். வெயிலின் கதிர் பொருளுக்குள் இறங்கும், கூடவே சூடும் ஈரமும் சேரும். கிளிப் உள்ளுக்குள்ளேயே நொறுங்கிப்போவது அதனால். யு.வி.சி. மேல்தோலிலேயே பெரும்பாலும் தீர்ந்துவிடும். தடித்த உறை மஞ்சளானதோடு தப்பியது. மெல்லிய இழைக்கோ மேல்தோல்தான் உடம்பு. அமெரிக்காவின் தொழில்சார் பாதுகாப்பு, உடல்நல ஆய்வு நிறுவனமான நியோஷின் ஆய்வாளர்கள் 2015-ல் வெளியிட்ட சோதனையில் என்-95 முகக்கவசங்களுக்குச் சதுர சென்டிமீட்டருக்கு 120 முதல் 950 ஜூல் வரை யு.வி.சி. கொடுத்துப் பார்த்தார்கள். வடிகட்டும் திறன் பெரிதாகக் குறையவில்லை. ஆனால் அதிக அளவுகளில் சில கவசங்களின் துணி அடுக்குகள் 90 விழுக்காட்டுக்கு மேல் வலுவிழந்தன.

950 ஜூல் எட்டாத அளவு என்று நினைக்க வேண்டாம். பெட்டிக்குள் சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிவாட் விழுகிறது என்று வைத்துக்கொண்டால், 10 நிமிடத்துக்கு 1.2 ஜூல். தினமும் ஒரு முறை வைத்தால் ஓராண்டில் 438 ஜூல்.

கண்ணாடி விஷயத்தில் இரண்டும் எதிரெதிர். சன்னல் கண்ணாடி வழியே யு.வி.ஏ. நுழைந்து திரைச்சீலையை வெளுக்க வைக்கும். யு.வி.சி. அதைத் தாண்டவே தாண்டாது. வீட்டுக் குடிநீர்ச் சுத்திகரிப்பானில் விளக்கைச் சுற்றிக் குவார்ட்ஸ் குழாய் இருப்பது இதற்காகவே. வெளிக்கூடு எவர்சில்வர். உலோகம், பீங்கான், டெஃப்லான் மூன்றும் இந்த விளக்கை நன்றாகத் தாங்கும். இயற்கை ரப்பர் வெயிலிலும் வெடிக்கும், விளக்கிலும் வெடிக்கும். சில விளக்குகள் 185 நானோமீட்டர் கதிரையும் விட்டு ஓசோனை உண்டாக்கும், அங்கே ரப்பருக்கு இரட்டை அடி.

என் கவலை மருத்துவமனைப் படுக்கைகளைப் பற்றியது. மெத்தை உறை விளக்கொளியில் கெட்டு வெடித்தால், அந்த வெடிப்புக்குள் ஒளி புகாது, கிருமி புகும். தூய்மைக்காகச் செய்ததே கிருமிக்கு இடம் கொடுத்ததாகிவிடும். எவர்சில்வர் மேசைக்கு விளக்கு சரி. வீட்டுத் தலையணைக்கும் போர்வைக்கும் நல்ல வெயில் போதும், வெளுப்பதைப் பொறுத்துக்கொள்ளலாம். விளக்கு வாங்கும் மருத்துவமனைகள், மெத்தையும் கருவிகளும் செய்தவர்களிடம் 254 நானோமீட்டரில் எத்தனை ஜூல் வரை தாங்கும் என்று எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். வீட்டில் பெட்டி வைத்திருப்பவர்கள் ரப்பரையும் மெல்லிய பிளாஸ்டிக்கையும் அதில் வைக்காதீர்கள். எரியும் விளக்கைக் கண்ணால் பார்க்கவும் வேண்டாம்.