எல்லை தாண்டிய தெய்வங்கள் – 14: பரங்கிமலையில் ஒரு பாரசீகப் பெயர்

பிரிட்டனின் காராபரோ சதுப்பில் நின்றுகொண்டிருக்கிறோம். 1949 கோடையில் மண் காய்ந்து இறங்க, ஹேட்ரியன் சுவரோரம் தலைகாட்டிய மித்ரா கோயில். அதன் மூன்று பலிபீடங்கள். அவற்றில் புரோகுலஸ், ஹாபிடஸ், சிம்ப்ளெக்ஸ் என்று மூன்று படைத்தலைவர்களின் பெயர்கள். இந்த வாரம் ரோமப் பேரரசர் தியோடோசியஸ் 391இல் பழைய கோயில்களை மூட வைத்த கதைக்குப் போக வேண்டும். ஆனால் மித்ரா என்ற பாரசீகப் பெயர் கொண்ட தெய்வத்தைத் தேடி பிரிட்டன் வரை போன நாம், தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறினால் அரை மணிக்குள் எட்டிவிடும் பாரசீகக் கல்லைப் பார்க்காமல் ரோமுக்குப் போவது நியாயமில்லை.

மித்ரா கோயில் எதுவும் நம் மண்ணில் கிடைத்ததில்லை. கிடைத்தது சிலுவை. 1547இல் பரங்கிமலை உச்சியில் போர்த்துக்கீசியர் அஸ்திவாரம் தோண்டியபோது வெளிவந்த கருங்கல் பலகை. இன்று அங்குள்ள தேவாலயத்தின் பீடத்தில் இருக்கிறது. 1558 டிசம்பர் 18 அன்று பூசை நடக்கும்போது அது ரத்தம் வியர்த்ததாகப் பதிவு செய்தார்கள். அதிலிருந்து எல்லோரும் வியர்வையைப் பற்றியே பேசினார்கள். ஓரத்தில் வளைவாக ஓடிய எழுத்தை யாரும் படிக்கவில்லை.

படித்ததாகச் சொன்னவர் ஒருவர் உண்டு. போர்த்துக்கீசியர் அழைத்துவந்த ஒரு பிராமணப் பண்டிதர், அந்தச் சில சொற்களுக்குள் புனித தோமையாரின் வருகை, மரணம் என்று ஒரு முழுச் சரித்திரத்தையே கண்டுபிடித்துக் கொடுத்தார். அழைத்தவர்கள் கேட்க விரும்பியதும் அதுதான். எழுத்தே தெரியாமல் ஒரு கல்லின் வாயில் பொய்யைத் திணித்ததை என்னால் மன்னிக்க முடியவில்லை. அந்தக் கல்லை வெட்டியவனின் பெயர் 300 ஆண்டுகளுக்கு மேல் அதற்கடியில் புதைந்து கிடந்தது.

எழுத்து பஹ்லவி. சாசானியப் பாரசீகத்தின் எழுத்து. அதை உலகுக்குச் சொன்னவர் ஆர்தர் பர்னல். இந்தத் தொடரில் எனக்குப் பிடித்த மனிதர். 1840இல் பிறந்து, ஐ.சி.எஸ். அதிகாரியாக வந்து, தஞ்சாவூரில் ஜட்ஜாக உட்கார்ந்தவர். பகலில் வழக்கு, மற்ற நேரமெல்லாம் ஓலைச்சுவடி. தஞ்சை அரண்மனையின் சமஸ்கிருதச் சுவடிகளுக்கு அட்டவணை தயாரித்தார். தென்னிந்திய எழுத்துகளின் வரலாற்றை 1874இல் எழுதினார். உடம்பு ஒத்துழைக்காமல் 42 வயதில் போய்விட்டார்.

1873இல் மங்களூரில் அவர் அச்சிட்ட சிறு நூல்தான் பரங்கிமலைக் கல்லைப் பேச வைத்தது. அதில் துணிச்சலான ஒரு கருத்தையும் வைத்தார்: மூன்றாம் நூற்றாண்டுப் பாரசீகத் தீர்க்கதரிசி மானியின் சமயத்தார் இந்தக் கரையில் குடியேறியிருந்தார்கள் என்று. மானியின் பாரசீக நூல்களில் மித்ராவின் பெயர் தாங்கிய தெய்வம் உண்டு. பர்னல் சொன்னது நிலைத்திருந்தால், காராபரோவுக்குப் போன பெயர் பரங்கிமலைக்கும் வந்திருக்கக்கூடும்! பின்வந்த அறிஞர்கள் அதை ஏற்கவில்லை. 1928இல் ஆக்ஸ்ஃபோர்டு கீழைத்தேயவியல் மாநாட்டில் அறிஞர் வின்க்வொர்த் தந்த வாசிப்பின்படி அது ஒரு எளிய வேண்டுதல்: இதை வெட்டிய, சஹார்புக்த் மகன் அஃப்ராஸ் மீது கிறிஸ்து இரங்கவேண்டும். அஃப்ராஸ் இல்லை, சப்ரிஷோ என்று பின்னர் வேறு சிலர் படித்தார்கள். சஹார்புக்த் மட்டும் அசையாமல் நிற்கிறார்.

கோட்டயத்திலும் கேரளத்தின் வேறு சில தேவாலயங்களிலும் உள்ள சிலுவைகளிலும் இதே வாசகம்தான். ஒன்றைப் பார்த்து ஒன்றை வெட்டியிருக்கிறார்கள். கொல்லத்தில் 849ஆம் ஆண்டு தரிசாப்பள்ளிச் செப்பேட்டில் சாட்சிக் கையெழுத்துகள் அரபியிலும் பஹ்லவியிலும் எபிரேய எழுத்திலுமாக விழுந்திருக்கின்றன. கல்லையும் செம்பையும் சேர்த்து வைத்துப் பார்த்தால், பாரசீக வளைகுடாவிலிருந்து பருவக்காற்றோடு வந்து, இங்கேயே தங்கிப்போன வணிகக் குடும்பங்கள் தெரிகின்றன.

சிலுவையைச் சுற்றியுள்ள அலங்காரத்தையும் பாருங்கள். இரண்டு தூண்கள்; அவற்றின் மேல் இரண்டு மகரங்கள்; அந்த மகரங்களின் வாயிலிருந்து கிளம்பும் வளைவு. மகர தோரணம்! நம் கோயில் வாசல்களில் இருப்பதேதான். பாரசீகத்தில் அதை யார் செதுக்கியிருப்பார்கள்? உளி பிடித்த கை இந்த மண்ணுடையது என்றே நான் நம்புகிறேன். ரயிலில் சில நிறுத்தம் தள்ளிப் பல்லாவரம் குன்றில், ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மகேந்திரவர்மன் பாறையைக் குடைந்து தன் பட்டப்பெயர்களைப் பொறித்து வைத்தான். அந்தக் குடைவரை இன்று தர்கா. பரங்கிமலைக் கல்லையோ, எழுத்தமைதியை வைத்து 7 முதல் 9ஆம் நூற்றாண்டுக்குள் வைக்கிறார்கள். மகேந்திரனின் சிற்பிகளுடைய வழிவந்தவர் ஒருவர் சஹார்புக்த் மகனுக்காக உளி எடுத்திருக்கலாம் என்பது என் ஊகம்.

மலைக்கு இன்று நாம் ஏறும் படிகளும் பாரசீகத்திலிருந்து வந்த ஒருவர் கொடுத்ததே. இஸ்பஹானை ஒட்டிய ஜுல்ஃபாவின் ஆர்மீனிய வணிகர் பெட்ரஸ் உஸ்கான், 1726இல் சைதாப்பேட்டையில் அடையாற்றின் மேல் பாலமும் கட்டினார். அதன் கல்வெட்டு பாரசீகம், ஆர்மீனியம், லத்தீன் என மூன்று மொழியில். 1746இல் சென்னையைப் பிடித்த பிரெஞ்சுக்காரர்கள் அவர் சொத்தைப் பறித்தார்கள். புதுச்சேரிக்கு வந்தால் திருப்பித் தருவதாக ஆசை காட்டினார்கள். உஸ்கான் போகவில்லை. ஏன் போகவில்லை என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)