படிகத்தைப் படித்த கணினி

1953-ல் வாட்சனும் கிரிக்கும் டி.என்.ஏ.வின் வடிவத்தைக் கண்டுபிடித்த கதை அனைவரும் அறிந்தது. அதே கேம்பிரிட்ஜ் கேவண்டிஷ் ஆய்வகத்தில், அதே ஆய்வுப் பிரிவில், ஜான் கென்ட்ரூ என்பவர் இன்னொரு புதிரோடு மல்லுக்கட்டிக் கொண்டிருந்தார். டி.என்.ஏ.வுக்கு அட்டையும் கம்பியும் கொண்டு மாதிரி கட்டிப் பார்த்தே விடை கிடைத்தது. கென்ட்ரூவின் புதிருக்கு அது போதவில்லை. அதற்குக் கணினி தேவைப்பட்டது!

அந்தப் புதிர் மயோகுளோபின். தசைகளில் ஆக்சிஜனைச் சேமித்து வைக்கும் புரதம் இது. கடலுக்கடியில் நெடுநேரம் மூச்சடக்கும் ஸ்பெர்ம் திமிங்கலத்தின் தசையில் ஏராளமாக உண்டு. எனவே அதிலிருந்தே படிகம் தயாரித்தார்கள். ஹைட்ரஜனை விட்டுவிட்டு எண்ணினாலும் ஒரு மூலக்கூறில் 1,200-க்கும் அதிகமான அணுக்கள்.

சிக்கல் என்ன?

படிகத்தின் மீது எக்ஸ் கதிரைச் செலுத்தினால் அது சிதறி, பிலிமில் புள்ளி புள்ளியாகப் பதியும். ஒவ்வொரு புள்ளியும் ஓர் அலை. அந்த அலைகள் அனைத்தையும் கூட்டினால் அணுக்கள் எங்கெங்கே இருக்கின்றன என்று தெரிந்துவிடும். இதற்கு பூரியர் தொகுப்பு என்று பெயர். ஆனால் புள்ளியின் கருமை அலையின் வலிமையை மட்டுமே சொல்லும். அலை எந்தக் கட்டத்தில் வந்தது என்ற தகவல் பிலிமில் பதிவதில்லை.

இதற்கு வழி காட்டியவர் கென்ட்ரூவின் சக ஆய்வாளர் மேக்ஸ் பெருட்ஸ். புரதத்தோடு பாதரசம் போன்ற கனமான அணுவைச் சேர்த்து மீண்டும் படமெடுத்தால் புள்ளிகளின் கருமை சற்றே மாறும். அந்த மாற்றத்திலிருந்து கட்டத்தைக் கணக்கிடலாம் என்று 1953-ல் ஹீமோகுளோபினில் செய்து காட்டினார்.

வழி கிடைத்தது, சரி. கணக்குப் போடுவது யார்?

அதுவரை பீவர்ஸ் - லிப்சன் பட்டைகள்தான் துணை. சைன், கொசைன் மதிப்புகள் அச்சிட்ட காகிதப் பட்டைகள் இவை. பெட்டியிலிருந்து வேண்டிய பட்டைகளை எடுத்து அடுக்கி, வரிசை வரிசையாகக் கூட்ட வேண்டும். சிறிய மூலக்கூறுக்கே இதில் பல நாட்கள் ஓடிவிடும். புரதத்துக்கு ஓர் ஆயுள் போதாது.

எட்சாக்

நல்ல வேளையாக, கேம்பிரிட்ஜின் கணித ஆய்வகத்தில் மாரிஸ் வில்க்ஸ் குழுவினர் உருவாக்கிய எட்சாக் கணினி 1949 மே மாதத்தில் இயங்கத் தொடங்கியிருந்தது. சுமார் 3,000 வால்வுகள், நிரல் எழுதத் துளையிட்ட காகித நாடா, நினைவகமாகப் பாதரசம் நிரப்பிய குழாய்கள்! அங்கே ஆய்வு மாணவராக இருந்த ஆஸ்திரேலியர் ஜான் பென்னட்டுடன் சேர்ந்து, பூரியர் தொகுப்பை இந்தக் கணினியில் செய்யும் முறையை கென்ட்ரூ 1952-ல் வெளியிட்டார்.

1957-ல் சுமார் 400 புள்ளிகளைக் கொண்டு, 6 ஆங்ஸ்ட்ராம் நுணுக்கத்தில் மயோகுளோபினின் முதல் படம் கிடைத்தது. ஒழுங்கான வடிவத்தை எதிர்பார்த்தவர்களுக்கு அதிர்ச்சி. குடலைச் சுருட்டி வைத்தது போல் இருந்தது! 1959-ல் 2 ஆங்ஸ்ட்ராம் நுணுக்கத்துக்கு ஏறத்தாழ 10,000 புள்ளிகள். இம்முறை கணக்குப் போட்டது எட்சாக் 2. பாலிங் 1951-ல் சொன்ன ஆல்ஃபா சுருள் கண்ணெதிரே தெரிந்தது. கென்ட்ரூவும் பெருட்ஸும் 1962-ல் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்து கொண்டனர்.

பெயர் தெரியாதவர்கள்

கணினி கூட்டிக் கொடுத்தது உண்மைதான். ஆனால் கூட்டுவதற்கு எண்கள் வேண்டுமே? பிலிம் பிலிமாக எடுத்து, ஆயிரக்கணக்கான புள்ளிகளின் கருமையைப் பொறுமையாக அளந்து எழுதியவர்கள் ஆய்வகத்தின் பெண் உதவியாளர்கள். ஓர் எண் தவறினாலும் அந்தப் பிழை படம் முழுவதும் பரவும். பரிசுப் பட்டியலில் அவர்கள் பெயர் இல்லை.

1971-ல் வெறும் 7 அமைப்புகளோடு புரதத் தரவு வங்கி தொடங்கியது. இன்று அதில் 2,00,000-க்கும் மேல். அவற்றைப் பாடமாகப் படித்துத்தான் ஆல்ஃபாஃபோல்டு என்ற செயற்கை நுண்ணறிவு புரத வடிவங்களைக் கணிக்கக் கற்றுக்கொண்டது. அதற்கு 2024-ல் நோபல் கிடைத்தது. அந்தப் பாடத்தின் முதல் பக்கங்கள், பிலிமின் முன் குனிந்து புள்ளிகளை அளந்த அந்தக் கைகள் எழுதியவை.