இதயத்துக்குச் செய்த மருந்து

அடைபட்ட குழாய்க்குள் ரத்தத்தைக் கூடுதலாகச் செலுத்துவது எப்படி என்றே நெஞ்சுவலி மருத்துவம் யோசித்துக்கொண்டிருந்தது. ஸ்காட்லாந்துக்காரரான ஜேம்ஸ் பிளாக், இதயத்தின் வேலையையே குறைத்துவிட்டால் என்ன என்று கேட்டார். ஐ.சி.ஐ. நிறுவனத்தில் அவர் குழு முதலில் உருவாக்கிய மருந்து எலிகளுக்குக் கட்டிகளை உண்டாக்கியதால் கைவிடப்பட்டது. அடுத்து வந்தது புரோப்ரனோலால். 1960களின் நடுவில் கடைக்கு வந்து ரத்த அழுத்தம், ஒற்றைத் தலைவலி, கைநடுக்கம் என்று பரவியது. 1988இல் பிளாக்குக்கு நோபல் பரிசு.

புரோப்ரனோலாலின் மிகப் பெரிய பயணம் இனிமேல்தான்: கைக்குழந்தைகளின் ரத்தநாளக் கட்டியை நோக்கி.

காதுக்கு முன்னால் இருக்கும் பரோட்டிட் உமிழ்நீர்ச் சுரப்பியில் ரத்தநாளக் கட்டி பெரியவர்களுக்கு அரிது. கைக்குழந்தைகளுக்கோ அந்தச் சுரப்பியில் வரும் கட்டிகளில் அதுதான் அதிகம். பிறந்த சில வாரங்களில் ஒரு பக்கக் கன்னம் புடைக்கத் தொடங்கும். தொட்டால் மெத்தென்று, சற்றுச் சூடாக இருக்கும். குழந்தை வீறிட்டு அழுதால் இன்னும் உப்பும். தோலில் சிவப்பு தெரியாவிட்டால் பொன்னுக்கு வீங்கியோ என்று தோன்றும். டாப்ளர் ஸ்கேனில் ரத்தம் வேகமாகப் பாய்வது தெரிந்தால் பெரும்பாலும் குழப்பம் தீரும். தீராவிட்டால் சிறிது திசு எடுத்து, அந்த நாளங்களில் குளூட்-1 என்ற புரதம் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். அறுத்தெடுக்கலாம்தான், ஆனால் முகத்தை அசைக்கும் நரம்பு அந்தச் சுரப்பிக்குள்ளேதான் கிளை பிரிகிறது. அதனால் வெகுகாலம் ஸ்டீராய்டே கதி.

பிரான்சின் போர்தோ நகரில் மூக்கில் இத்தகைய கட்டி இருந்த ஒரு குழந்தைக்கு, ஸ்டீராய்டு கொடுத்துவந்த நாளில் இதயத் தசை தடித்தது. இதயத்துக்காகப் புரோப்ரனோலால் கொடுத்தார்கள். மறுநாளே கட்டியின் செக்கச்சிவப்பு ஊதாவாகி, இளகியிருந்தது. தோல் மருத்துவர் கிறிஸ்டின் லெயோத்தே-லப்ரேஸும் சகாக்களும் அதைத் தற்செயல் என்று ஒதுக்காததுதான் இந்தக் கதையின் உயிர்நாடி. முகத்திலும் கழுத்திலும் கட்டி படர்ந்த இன்னொரு குழந்தைக்கும் கொடுத்தார்கள். ஏழே நாளில் அது மூடிக்கிடந்த கண்ணைத் தானாகத் திறந்தது. பரோட்டிட் அருகிலிருந்த கட்டியும் நன்றாக வற்றியிருந்தது. மொத்தம் 11 குழந்தைகளின் விவரம் 2008இல் ஒரு சிறு கடிதமாக வெளியானது.

2014இல் குழந்தைகளுக்கான திரவ வடிவத்துக்கு அமெரிக்கா அனுமதி தந்தது. மறு ஆண்டு வெளியான ஆய்வில் ஆறு மாத மருந்தால் 60 சதவீதக் குழந்தைகளுக்குக் கட்டி முழுதுமாகவோ ஏறக்குறைய முழுதுமாகவோ மறைந்தது. வெற்று மருந்து பெற்றவர்களில் 4 சதவீதம்தான். வெறும் வயிற்றில் கொடுத்தால் ரத்தச் சர்க்கரை தாழக்கூடும் என்பதால் பாலூட்டும் நேரத்திலேயே கொடுக்கிறார்கள். குழந்தை பால் குடிக்க மறுத்தால் அந்த வேளை மருந்து கிடையாது.