எண்ணும் இயந்திரமும் நம் எண்ணமும்

சொந்த ஊரை விட்டு வந்து பிற மாநிலங்களில் வாழும் நம் இல்லங்களில் இன்று ஒரு வினா எழுகின்றது. செயற்கை நுண்ணறிவை நாம் அஞ்சி விலக்குவதா, நம்பித் தழுவுவதா? விடை காணுமுன், இத்தகைய இயந்திரங்களை நமக்கு முந்தியவர்கள் எவ்வாறு எதிர்கொண்டனர் என்பதைச் சிறிது நோக்குவோம்.

1955ஆம் ஆண்டில் இங்கிலாந்திலிருந்து ஒரு கணிப்பொறி கல்கத்தாவிலுள்ள இந்தியப் புள்ளியியல் கழகத்திற்கு வந்தது. நம் நாட்டிற்கு வந்த முதற் கணிப்பொறி அதுவே. மறு ஆண்டுக் கோடையில், அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரியில் அறிஞர் சிலர் கூடிச் செயற்கை நுண்ணறிவு என்னும் துறைக்கு வித்திட்டனர்.

1960களில் கல்கத்தாவில் ஆயுள் காப்பீட்டுக் கழகம் கணிப்பொறி அமைக்க முற்பட்டபோது, ஊழியர்கள் கடுமையாக எதிர்த்தனர். அவர்களது அச்சத்தை அறியாமை என்று தள்ளுதல் முறையன்று. இயந்திரத்தின் ஆதாயம் யாருக்கு, இழப்பு யாருக்கு என்னும் அவர்தம் கேள்வி இன்றும் உயிருள்ள கேள்வியே. எனினும், 1985-86ஆம் ஆண்டுகளில் டில்லியில் ரயில் முன்பதிவுக்குக் கணிப்பொறி வந்தபின், எந்தச் சாளரத்திலும் எந்த ரயிலுக்கும் சீட்டுப் பெற முடிந்தது. சென்னை செல்லும் வண்டிக்காக விடியுமுன் வரிசையில் நின்ற தலைமுறையினர் அதன் அருமையை அறிவர்.

அச்சத்திற்கு மறுபுறம் மயக்கமும் உண்டு. 1966ஆம் ஆண்டில் ஜோசப் வைசன்பாம் என்னும் அமெரிக்கப் பேராசிரியர், மனநல மருத்துவரைப் போல உரையாடும் 'எலிசா' என்னும் நிரலை வெளியிட்டார். தட்டெழுதுவோரின் சொற்களையே திருப்பிக் கேள்வியாக்குவதே பெரும்பாலும் அதன் வித்தை. அது உருவாவதை உடனிருந்து கண்ட அவருடைய செயலாளரே, சிறிது நேரம் அதனுடன் உரையாடியபின், தனிமை வேண்டி அவரை அறையைவிட்டு வெளியேறச் சொன்னாராம்! திடுக்கிட்ட பேராசிரியர், மனிதர் தீர்ப்புக் கூற வேண்டியவற்றை இயந்திரத்திடம் ஒப்படைத்தல் ஆகாது என்று 1976ஆம் ஆண்டில் ஒரு நூலே எழுதினார்.

2022ஆம் ஆண்டின் இறுதியில் வெளிவந்த சாட்ஜிபிடி போன்றவை எலிசாவினும் பன்மடங்கு வல்லவை. கடலளவு எழுத்துகளைப் பயின்று, அடுத்து வரத்தக்க சொல்லைக் கணித்துக் கணித்து அவை விடை புனைகின்றன. ஆதலின் மெய்யைப் போன்றே பொய்யையும் தயக்கமின்றி உரைத்தல் கூடும்.

எனவே நம் மனப்பாங்கு எவ்வாறு அமைதல் வேண்டும்? கன்னடத்திலோ மராத்தியிலோ வந்த அறிவிப்பின் பொருளை இயந்திரத்திடம் கேட்டறிவதில் இழுக்கில்லை. ஆனால் அதன்மேல் கையொப்பம் இடுபவர் நாமே. பிழை நேர்ந்தால் பொறுப்பும் நம்முடையதே. ஆகவே கையொப்பம் இடுமுன், மொழி அறிந்த அண்டை வீட்டாரிடம் ஒருமுறை காட்டிச் சரிபார்த்தல் நன்று.

இன்னொன்றும் உண்டு. ஊரிலுள்ள பாட்டிக்கு நம் குழந்தை எழுத வேண்டிய கடிதத்தை இயந்திரம் நொடியில் பிழையற எழுதித் தரும். ஆயினும் பாட்டி எதிர்நோக்கியிருப்பது பேரக்குழந்தையை அன்றோ? கோணல் எழுத்தாயினும் நான்கு வரியைக் குழந்தையே எழுதட்டும். ஐயமுள்ள சொல்லை மட்டும் இயந்திரத்திடம் கேட்கட்டும்.