மேசையை விட்டிறங்கிய கணினி: ஒரு சிறு வரலாறு

தானா ராத்தா கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,400 மீட்டர் உயரத்தில் அமைந்த மலையூர். 1885ஆம் ஆண்டில் வில்லியம் கேமரன் என்னும் நில அளவையாளர் இப்பகுதியை ஆராய்ந்தார். மலைக்கு அவர் பெயரே வழங்கலாயிற்று. 1929ஆம் ஆண்டில் ஜே. ஏ. ரசல் இங்குப் போ தேயிலைத் தோட்டத்தை நிறுவினார். இம்மலைச் சரிவுகளில் தேயிலை வளர்த்தவர்களுள் தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர் பலர். அவர்தம் வழிவந்தோரின் பிள்ளைகள் பயிலும் தமிழ்ப்பள்ளிகள் இன்றும் இம்மலையில் இயங்குகின்றன. அப்பள்ளிகளை மனத்திற்கொண்டு ஒரு வினாவை எழுப்ப விரும்புகிறோம். மேசைக் கணினிக்கு மாற்றாக வந்த சிறு கணினிகள், தோட்டத்துப் பிள்ளைக்கு எந்த அளவிற்குக் கைகொடுக்கும்? இதற்கு விடை காண, அவை வந்த வழியைத் திரும்பிப் பார்த்தல் வேண்டும்.

பாட்டிமார் சொல்லும் கதையொன்றை நாம் யாவரும் கேட்டிருக்கிறோம். அரக்கன் வெட்டினாலும் சாகமாட்டான். அவனுடைய உயிர் ஏழு கடல், ஏழு மலை தாண்டி ஒரு கூண்டுக்கிளியிடம் இருக்கும். கணினியின் வரலாற்றை ஆராய்வோர்க்கு இக்கதை நல்லதோர் அளவுகோல். கணினி எவ்வளவு சிறியது என்று கேட்பதோடு, அதன் உயிர் எங்கே இருக்கிறது என்றும் கேட்க வேண்டும்.

சிறு கணினி நேற்று முளைத்ததன்று. 1981ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் வெளிவந்த சின்க்ளேர் இசட்எக்ஸ் 81, வீட்டுத் தொலைக்காட்சிப் பெட்டியோடு இணைத்து இயக்கத்தக்க கணினி. விலை 70 பவுனுக்குச் சற்றுக் குறைவு. நினைவகம் 1 கிலோபைட்டு. இன்று வழங்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒரு தமிழ்க் குறியீடு 3 பைட்டுகளைக் கொள்ளும். அக்கணக்கின்படி, அந்த நினைவகம் முழுவதையும் எழுத்துக்கே ஒதுக்கினாலும் இக்கட்டுரையின் முதற்பத்தி அதில் அடங்காது. எனினும் அதன் உயிர் அதனுள்ளேயே இருந்தது. எழுதிய நிரலை ஒலிநாடாவில் சேமித்துவிட்டால், வேறு எவரையும் நம்பியிருக்கத் தேவையில்லை.

அடுத்த கட்டம் சென்னையில் நிகழ்ந்தது. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகப் பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலா, தொழில்முனைவர் ராஜேஷ் ஜெயின், அமெரிக்கப் பொறியாளர் ரே ஸ்டேட்டா ஆகியோர் தொடங்கிய நோவேஷியம் நிறுவனம், 2000களின் நடுப்பகுதியில் நெட்பிசி என்னும் சிறு பெட்டியை உருவாக்கியது. திரையையும் விசைப்பலகையையும் அதில் பொருத்தினால் மேசைக் கணினி போலவே தோன்றும். தொலைக்காட்சியில் இணைக்கத்தக்க நெட்டிவி என்னும் வடிவமும் உண்டு. ஆனால் நிரல்களும் கோப்புகளும் பெட்டிக்குள் இல்லை. வேறிடத்திலிருந்த வழங்கியில் இருந்தன. பழுது பார்த்தல், நச்சுநிரல் நீக்குதல் ஆகிய தொல்லைகளிலிருந்து வீட்டாரை விடுவிப்பதே நோக்கம். எண்ணம் சிறந்ததே. ஆயினும் கம்பித் தொடர்பு அறுந்தால் பெட்டி வெறும் பெட்டியாகிவிடும். அன்றைய இந்தியாவில் விரைவான இணையம் வீடுதோறும் பரவியிருக்கவில்லை. நெட்பிசியும் பரவலாக வேரூன்றவில்லை.

மலேசியாவும் இதனையொத்த பட்டறிவைப் பெற்றது. 2012ஆம் ஆண்டில் தொடங்கிய 1பெஸ்தாரிநெட் திட்டம், நாட்டின் ஏறத்தாழ 10,000 அரசுப் பள்ளிகளை இணையத்தால் பிணைக்க முற்பட்டது. இணையத்தைச் சார்ந்து இயங்கும் குரோம்புக் மடிக்கணினிகள் பள்ளிகளுக்கு வந்தன. பாடங்கள் மெய்நிகர்க் கற்றல் தளத்தில் வைக்கப்பட்டன. அத்தளத்தின் பயன்பாடு குறைவாக இருந்தமையை நாட்டின் தலைமைக் கணக்காய்வாளர் அறிக்கை சுட்டிக்காட்டிற்று. 2019ஆம் ஆண்டில் திட்டம் முடிவுற்றது. இங்கும் கருவி மாணவர் கையில் இருந்தது. கிளி தொலைவில் இருந்தது.

இதே காலப்பகுதியில் கணினி மேலும் சுருங்கிற்று. 2009ஆம் ஆண்டில் மார்வெல் நிறுவனம் ஷீவாபிளக் என்பதை வெளியிட்டது. கைப்பேசி மின்னேற்றியைப் போலச் சுவரிலுள்ள மின்செருகியில் நேரே பொருந்தும் கணினி அது. விலை 99 டாலர். ஆனால் திரையை இணைக்க அதில் வழியில்லை. 2015ஆம் ஆண்டில் இன்டெல் வெளியிட்ட கம்பியூட் ஸ்டிக், தொலைக்காட்சியின் பின்புறம் செருகத்தக்க குச்சி வடிவிலானது. அதில் விண்டோஸ் இயங்கியது. 2 கிகாபைட்டு நினைவகமே இருந்தமையால் பல பணிகளை ஒருசேரச் செய்யத் திணறியது.

இவ்விரண்டிற்கும் இடையே, 2012 பிப்ரவரி 29ஆம் நாள், ராஸ்பெரி பை வெளிவந்தது. கேம்பிரிட்ஜில் கணினியியல் பயில வரும் மாணவரின் எண்ணிக்கையும் முன்னறிவும் குறைந்துவருவதைக் கண்ட எபன் அப்டனும் அவர்தம் நண்பர்களும், பிள்ளைகள் அச்சமின்றிக் கையாளத்தக்க மலிவான கணினியொன்றை உருவாக்க முனைந்ததன் விளைவு அது. வங்கி அட்டையளவு பலகை. விலை 35 டாலர். 2019ஆம் ஆண்டின் நான்காம் பதிப்பு, அன்றாட எழுத்துப்பணிக்கு மேசைக் கணினியின் இடத்தை நிரப்பும் ஆற்றலைப் பெற்றது. 2020ஆம் ஆண்டில் வந்த பை 400, விசைப்பலகைக்குள்ளேயே கணினியை அடக்கிற்று. 1981ஆம் ஆண்டின் வடிவம் நாற்பதாண்டுகளில் சுற்றித் திரும்பி வந்தது என்னலாம். இயங்குதளமும் கோப்புகளும் ஒரு சிறு நினைவட்டையில் உள்ளன. உயிர் மீண்டும் உடலுக்குள் வந்துவிட்டது.

தமிழருக்கு இதில் இன்னொரு செய்தி உண்டு. ஒரு காலத்தில் தமிழெழுத்தின் உயிரும் வெளியேதான் இருந்தது. ஓர் எழுத்துருவில் தட்டெழுதிய கடிதம், அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் பொருளற்ற குறிகளாகத் தோன்றும். இந்நிலையை மாற்றப் பலர் உழைத்தனர். மலேசியாவின் முத்து நெடுமாறன் 1985ஆம் ஆண்டில் முரசு செயலியின் பணியைத் தொடங்கினார். 1991ஆம் ஆண்டின் ஒருங்குறி முதற்பதிப்பில் தமிழ் இடம்பெற்றது. 1999ஆம் ஆண்டில் சென்னை மாநாட்டின் வழியாகத் தமிழ்99 விசைப்பலகை உருவாயிற்று. 2000ஆம் ஆண்டில் உத்தமம் அமைப்பு தோன்றியது. மறு ஆண்டே கோலாலம்பூரில் தமிழ் இணைய மாநாடு கூடியது. 2010ஆம் ஆண்டில் தமிழக அரசு ஒருங்குறியை ஏற்றது. ஆகவே 2012ஆம் ஆண்டில் ராஸ்பெரி பை பிறந்தபோது, அதில் தமிழ் எழுதத் தனிக்கருவி எதுவும் விலைகொடுத்து வாங்க வேண்டியதில்லை. கட்டற்ற எழுத்துருவும் தமிழ்99 விசைப்பலகையும் அதன் லினக்சு இயங்குதளத்தில் எளிதில் சேர்க்கத்தக்கனவாய் இருந்தன.

குறைகளையும் மறைத்தல் கூடாது. பலகையின் விலையைவிடத் திரையின் விலை மிகுதி. திடீரென மின்சாரம் நின்றால் நினைவட்டை பழுதாகக்கூடும்; படி ஒன்று எடுத்துவைப்பது இன்றியமையாதது. விண்டோசுக்கென எழுதப்பட்ட நிரல்கள் பல அதில் இயங்கா. 2021, 2022ஆம் ஆண்டுகளின் சில்லுப் பற்றாக்குறையில் பலகை கிடைப்பதே அரிதாயிற்று. உயிர் உள்ளே இருந்தாலும் உடல் தொலைதூரத் தொழிற்சாலையில்தான் பிறக்கிறது.

எனினும் ஒரு கணக்கைப் பாருங்கள். 80 வாட்டு உண்ணும் மேசைக் கணினிகள் இருபதிற்கு 1,600 வாட்டு வேண்டும். 5 வாட்டு உண்ணும் பலகைகள் இருபதிற்கு 100 வாட்டு போதும். திரைகளுக்கான மின்சாரம் தனி. தமிழ் விக்கிப்பீடியாவைக் கிவிக்ஸ் செயலியின் துணையோடு நினைவட்டையில் இறக்கிவைக்கலாம். 1998ஆம் ஆண்டு முதல் மதுரைத் திட்டம் மின்னூலாக்கிவரும் பழந்தமிழ் நூல்களையும் அதனருகே வைக்கலாம். மழைக்காலத்தில் இணையம் நின்றாலும் மாணவன் அவற்றைப் படிக்கலாம்.

ஆகவே, பள்ளிக்குக் கணினி வாங்கும் பொறுப்பிலுள்ள ஆசிரியர்களுக்கு ஓர் எளிய சோதனையைப் பரிந்துரைக்கிறோம். விற்பவர் கொண்டுவரும் கருவி பெரிதாயினும் சிறிதாயினும், அதன் இணையத் தொடர்பைத் துண்டித்துவிட்டு ஒரு மாணவியை அதன்முன் அமரச் செய்யுங்கள். அவள் தமிழில் ஒரு பக்கம் எழுதிச் சேமித்து, கருவியை அணைத்து, மறுநாள் அதே பக்கத்தைத் திறந்து படிக்கட்டும். அதற்குப் பிறகு விலையைப் பேசலாம்.